இரண்டு முறை நனைந்த தலை

பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரத் தொட்டிக்கு முன்னால் முழங்கால் போட்ட மனுஷி எழுந்திருப்பதாகக் காணோம். அப்படி என்னதான் பாவம் செய்து குவித்துவிட்டாள், கடைக்கும் வீட்டுக்குமாக நடக்கிறவள், இந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லி முடிகிற பாவமா இல்லையா, என்று தெக்லா பல்லைக் கடித்தாள். கடித்த வேகத்திலேயே, இருக்கட்டும், அவளே இருக்கட்டும், கோயிலைப் பூட்டுகிற வரைக்கும் அந்தத் தட்டிக்குப் பின்னால் இருக்கிற சாமியாரை அவளே பிடித்துவைத்துக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தாள். அவள் எழுந்தால் பெஞ்சில் இருக்கிற எல்லாரும் ஆளுக்கு ஓர் இடம் நகர வேண்டும், நகர்ந்து நகர்ந்து கடைசியில் தெக்லாவின் முறை வந்துவிடும். அவ்வளவு பயமாக இருந்தால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதானே, யார் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தது? அதுவும் மாட்டாள். போன சனிக்கிழமை அப்படித்தான் பாதியில் எழுந்து போனாள், போய் என்ன சுகத்தைக் கண்டாள், வாரம் முழுக்கச் சோற்றைப் பிசைந்து பிசைந்து காக்காய்க்கு வைத்ததுதான் மிச்சம். வெளியே கடற்கரையில் வலை உலர்த்துகிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பினாயில் நாற்றமும் வாடின சம்பங்கி நாற்றமும் கலந்து குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கை வியர்த்து ஜெபமாலை மணிகள் விரலுக்குள் நிற்காமல் வழுக்கின. அவள் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்வி. சாமி, எனக்கு ஞானஸ்நானம் ஆயிருக்கா? கேட்டால் சிரிக்க மாட்டாரா மனுஷன்? அறுபதைத் தாண்டின கிழவி, பிறந்த நாளிலிருந்து இந்தக் கோயில் நிழலிலேயே கிடக்கிறவள், சின்னப் பிள்ளைகளுக்கு ஜெப மந்திரம் சொல்லிக்கொடுத்தவள், வந்து நின்று கேட்கிற கேள்வியா இது? சிரித்துவிட்டால்கூடப் பரவாயில்லை. சிரிக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

எல்லாம் எஸ்தபானி அத்தை வாயால் வந்த வினை. தெக்லாவின் அப்பாவோடு பிறந்தவள், ஞானஸ்நானத்தில் தெக்லாவை ஏந்தின ஞானத்தாயும் அவள்தான், தொண்ணூறை நெருங்குகிறாள், பல் போனாலும் வாய் போகவில்லை. ரெஜினா செத்து வருஷம் முடிந்ததென்று பூசை வைத்து, பூசை முடிந்து வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுச் சாப்பாடு. ரெஜினா தெக்லாவோடு கூடப்பிறந்தவள், ரெட்டை. அச்சில் வார்த்த மாதிரி ஒரே மூஞ்சி, ஒரே குரல், சிரித்தால் ஒரே பக்கம் குழி. சாப்பாட்டுக்கு நடுவில் அத்தை, இலையில் இருந்த கறித்துண்டை ஒதுக்கிவைத்துவிட்டு, கதை சொல்லுகிறேன் பேர்வழி என்று ஆரம்பித்தாள். "ஏ தெக்லா, உங்க ரெண்டு பேருக்கும் தண்ணி ஊத்துன கூத்து தெரியுமாட்டி உனக்கு? நம்ம வீட்டுல ஞானஸ்நான உடுப்பு ஒண்ணுதான பாத்துக்கிடு, எங்க பாட்டையா கொழும்புலேருந்து கொண்டாந்த லேஸ் உடுப்பு, அதப் போடாம தண்ணி ஊத்துனா பிள்ள தங்காதும்பாவ. பிள்ளையோ ரெண்டு, உடுப்போ ஒண்ணு, என்ன செய்ய? ஒருத்திக்குப் போட்டு ஊத்திட்டு, பக்கத்து ரூமுக்குக் கொண்டுபோயி அவுத்து, அடுத்தவளுக்குப் போட்டுக் கொண்டுவாறதுன்னு ஏற்பாடு. உங்கம்மா பெத்த தீட்டுல வீட்டுல கெடக்கா. அவ இருந்தாலாவது அடையாளம் சொல்லுவா. ஒருத்தி கையில கறுப்புக் கயிறு கட்டித்தான் விட்டா, நான்தான் கோயில் வாசல்ல வச்சு அத அவுத்துப்போட்டேன், கயிறோட போனா அந்தக் காலத்துச் சாமியாரு கோயில்னு பாக்காம ஏசுவாரு. ரெண்டும் பெஞ்சு மேல கெடந்து காள் காள்னு கத்துது, நானும் உன் சின்னம்மையும் உடுப்ப இழுக்கோம், நாடாவ முடியுதோம், அந்தா இந்தான்னு தூக்கிட்டு ஓடுதோம். ரெண்டாவது பிள்ளைய ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல புடிக்கேன், தலை ஏற்கெனவே ஈரமா இருக்கு!" சொல்லிவிட்டு அத்தை தொடையில் அடித்துச் சிரித்தாள். "சாமியாரு பாக்காரு, நான் அவர பாக்கேன், வேர்வையா இருக்கும்னு நினைச்சு ஊத்திட்டாரு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல, ரெண்டு தடவையும் ஒரே பிள்ளைக்குத்தான் ஊத்துனமோ என்னமோ!" பந்தலே சிரித்தது. தெக்லாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையில் எடுத்த உருண்டையை வாயில் போட்டாள், அது இறங்கவில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தாள், அப்படியும் இறங்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. சிரிக்கிற விஷயம்தானே, சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். வேர்வையாகக்கூட இருக்கலாம், சித்திரை மாசத்து வெக்கையில் கத்துகிற பிள்ளைக்குத் தலை நனையாமல் இருக்குமா. ஆனால் வேர்வையில் நனைந்த தலையும் தண்ணீர் ஊற்றின தலையும் கைக்குத் தெரியாதா, அதுவும் நாலு பிள்ளை பெற்ற அத்தை கைக்கு? தெரியாமலா இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறாள்? அப்படியானால் ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவை ஊற்றியிருக்கிறார்கள். தெக்லா என்று ஒரு தடவை, ரெஜினா என்று ஒரு தடவை, இரண்டு பெயரும் ஒரே தலையில் இறங்கியிருக்கிறது. இன்னொன்று பக்கத்து ரூமில் பெஞ்சு மேல் காய்ந்த தலையோடு கத்திக்கொண்டு கிடந்திருக்கிறது. கிடந்தது எது? வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அம்மா மறுபடியும் கறுப்புக் கயிறு கட்டினாளாம், எதன் கையில் கட்டினாள், எதை வைத்துக் கட்டினாள்? இதோ இவள்தான் மூத்தவள் என்று அத்தை நீட்டின கையில் கட்டியிருப்பாள். அத்தைக்கே தெரியாதே. அப்படியென்றால் ஞானஸ்நானம் மட்டுமா போச்சு, பெயரும் போச்சு. இத்தனை வருஷம் தெக்லா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவள் தெக்லாதானா? போன வருஷம் பெட்டிக்குள் வைத்து, ரெஜினா என்று பெயர் சொல்லி, சாம்பிராணி போட்டு, மண்ணைத் தள்ளினார்களே, மண்ணுக்குள் போனது யார்? இந்த இடத்துக்கு வந்ததும் தெக்லாவின் கை ஒவ்வொரு தடவையும் தலைக்குப் போகும். இப்போதும் போனது. தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முட்டாள், அந்த ஈரம் இன்னுமா இருக்கும் என்று தன்னையே வைதுகொண்டு, முக்காட்டைச் சரிசெய்கிற மாதிரிக் கையைக் கீழே இறக்கினாள்.

"தலவலியாக்கா?" என்று பக்கத்தில் இருந்த செலின் கேட்டாள். செலின் தெருமுனையில் தையல் மிஷின் போட்டிருப்பவள், யாருக்கு என்ன ஆனாலும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு. ஒன்றுமில்லை, உஷ்ணம் என்றாள் தெக்லா. "நீங்க வந்து உக்காந்ததும் எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு, ரெஜினாக்காவே வந்துட்டாவளோன்னு. அந்த நடை, அந்த முக்காடு, அப்படியே உரிச்சு வச்ச மாதிரி. தப்பா நெனச்சுக்காதிய, அந்தக்கா செத்தே போவலன்னுதான் எனக்குத் தோணும் உங்களப் பாக்கும்போதெல்லாம்." செலின் ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவம். தெக்லாவுக்கு அவள் வாயைத் தைத்தால் என்ன என்று இருந்தது. ரெஜினா போன நாளிலிருந்து ஊரே இதைத்தான் சொல்கிறது. ரெஜினா புருஷன் இவளை நேருக்கு நேர் பார்ப்பதையே விட்டுவிட்டார், வாசலில் நின்று, பிள்ளைகள் நல்லா இருக்கு என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார். ரெஜினாவின் மகள் வந்தால் ஒன்றும் பேச மாட்டாள், எதிரே உட்கார்ந்து மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், பார்த்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாரேன் பெரியம்மா என்று கிளம்பிவிடுவாள். பார்ப்பது என்னையா என்று கேட்கத் தெக்லாவுக்கு வாய் வராது. கண்ணாடி முன்னால் நின்றாலும் அதே கதைதான், தலை சீவ நின்றவளை அங்கேயிருந்து ரெஜினா பார்க்கிறாள். இறந்தவள் பார்க்கிறாள் என்றுகூடப் பயமில்லை தெக்லாவுக்கு. பார்க்கிறவள் ரெஜினா என்றால் பார்க்கப்படுகிற இவள் யார், இவளுக்கென்று ஒரு மூஞ்சி எங்கேயாவது இருக்கிறதா என்பதில்தான் பயம்.

ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான், இது ஒன்றும் புதிது இல்லை என்று மனசு இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ரெஜினா போர்டில் சிஸ்டர் படம் வரைந்துவைப்பாள், பிரம்படி தெக்லாவுக்கு விழும். அழுதுகொண்டே, நான் இல்ல சிஸ்டர் என்றால், உங்க ரெண்டு பேர்ல யாருன்னு நான் எங்க போய்ப் பாக்க, வாங்கிக்க என்பார் சிஸ்டர். பெண் பார்க்க வந்தார்களே, அது இன்னும் அழகு. பார்க்க வந்தது மூத்தவள் தெக்லாவை. அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல், தெக்லா ஒரு நிமிஷம் வந்து நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள், காப்பி கொண்டுபோய்க் கொடுத்தது ரெஜினா. காப்பி கொடுத்த பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார் மாப்பிள்ளை. எல்லாம் ஒரே மூஞ்சிதானேம்மா, இதில் என்ன இருக்கு என்று ரெஜினாவைக் கட்டிவைத்தார்கள். ஒரே மூஞ்சிதானே! அப்புறம் தெக்லாவுக்கு ஒன்றும் அமையவில்லை, அமையவில்லை என்று சொல்வதைவிட இவளுக்கே ஆசை விட்டுப்போனது என்று சொல்லலாம். டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்தது, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நம்பர் சொல்லுங்க, லைன்ல இருங்க என்று சொல்லியே காலம் ஓடியது, யாருக்கு அங்கே பெயர் வேண்டும். ஆனால் ஒன்று, இதற்கெல்லாம் தெக்லா உடைந்துபோய்விடவில்லை. அடி வாங்கின அன்றைக்கும், கல்யாண வீட்டில் தோழிப்பெண்ணாக நின்ற அன்றைக்கும், இதே கோயிலில் வந்து நின்று, ஆண்டவரே, உமக்குத் தெரியுமே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நெஞ்சு அடங்கிவிடும். ஊருக்குத் தெரியாவிட்டால் போகிறது, அப்பாவுக்குக் குழம்பினால் குழம்புகிறது, அவருக்குத் தெரியும், கர்ப்பத்தில் இருக்கும்போதே இவள் வேறு அவள் வேறு என்று பார்த்துப் பார்த்துச் செய்தவருக்குத் தெரியாதா. அந்த ஒரு இடத்தை வைத்துக்கொண்டுதான் அவள் காலம் தள்ளினாள். அத்தை சிரித்துக்கொண்டே கை வைத்தது அந்த இடத்தில். அன்றைக்கு அவரும் ஏமாந்துவிட்டார் என்றால்? பெயர் சொல்லி அழைத்தபோது உடுப்புக்குள் இருந்தது வேறு பிள்ளை என்றால்? பக்கத்து ரூமில் கிடந்ததை யாரும் அவரிடம் சொல்லவே இல்லை என்றால்? இத்தனை வருஷம் உமக்குத் தெரியுமே, உமக்குத் தெரியுமே என்று இவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும், அங்கே அவர், யாரது என்று பார்த்துக்கொண்டிருந்ததும்... போதும், போதும். ஞானஸ்நானம் ஆகாதவள் பூசையில் நன்மை என்று திருவப்பம் வாங்கினதெல்லாம் திருட்டுத்தனமாய் வாங்கினது என்று ஆகிவிடாதா? பந்தல் சாப்பாட்டுக்குப் பிறகு இன்று வரைக்கும் அவள் நன்மை வாங்கப் போகவில்லை. எல்லாரும் எழுந்து போகும்போது குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

தொட்டிக்கு முன்னால் இருந்தவள் எழுந்துவிட்டாள். பெஞ்சு நகர்ந்தது. தெக்லாவும் நகர்ந்தாள், முன்னால் இருந்தவள் விட்டுப்போன சூடு மரத்தில் இருந்தது, அது இவளுக்கு அருவருப்பாக இருந்தது. சரி, யோசித்துப் பார்ப்போம், நிதானமாக, என்று பயந்தவர்கள் எல்லாரும் செய்கிற வேலையை அவளும் செய்தாள். காய்ந்த தலை எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரெஜினாவுக்கு எதற்கும் பயம் கிடையாது. புயல் அன்றைக்குக்கூட அலையைப் பார்க்கப் போனவள், இருட்டில் பின்கட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போவாள். தெக்லாவுக்கு எதைக் கண்டாலும் பயம், நாய், இடி, ஆஸ்பத்திரி, தபால்காரன். தண்ணீர் பட்டவளுக்கு எதற்குப் பயம் வரப்போகிறது? புருஷன், பிள்ளைகள், பாடகர் குழுவில் முதல் குரல், தொட்டதெல்லாம் துலங்கியது அவளுக்கு. இவளுக்கோ வாசல் வரைக்கும் வந்தது திரும்பிப் போனது. அப்படியானால் பெஞ்சில் கிடந்தது நான்தான். அவசர அவசரமாக மாற்றி யோசித்தாள். இல்லை இல்லை, ரெஜினாதான் முன்னால் போய்விட்டாளே, எனக்கு இன்னும் மூச்சு இருக்கிறதே, அந்த உடுப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றாத பிள்ளை தங்காது என்று சொன்னார்களே, தங்கியிருப்பது நான் அல்லவா, அப்படியானால் இரண்டு தடவை நனைந்தது நான். நனைந்தது நான்! அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. அப்படியென்றால் ரெஜினா?

இத்தனை வாரமாக, வெட்கக்கேடு, இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் தலை, தன் பெயர், தன் பயம் என்றே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். இவள் நனைந்தவள் என்றால் அவள் காய்ந்தவள். காய்ந்த தலையோடு கல்யாணம் முடித்து, காய்ந்த தலையோடு பிள்ளை பெற்று, காய்ந்த தலையோடு பெட்டிக்குள் போய்விட்டாள், அங்கே போய் என்ன பெயரைச் சொல்லியிருப்பாள்? கடைசியில் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, ரெஜினா கிண்டல் செய்துகொண்டிருந்தாளே. "நீ எதுக்குட்டி அழுத, நான் முன்னால போயி இடம் புடிச்சு வைக்கேன். என்னப் பாத்தாச்சுன்னா உன்னயும் பாத்த மாதிரிதான, நீ வந்ததும் நேரா உள்ள விட்டுருவாவ." அன்றைக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது தெக்லாவுக்கு. இப்போது அந்த வார்த்தை நெஞ்சுக்குள் திரும்பிக் குத்தியது. அவளை உள்ளே விட்டார்களா முதலில்? பட்டியலில் பெயர் இல்லை என்று வாசலில் நிறுத்திவிட்டார்களா? எதற்கும் பயப்படாதவள், அங்கே நின்று பயந்துகொண்டிருக்கிறாளா, பக்கத்தில் நான்கூட இல்லாமல்? ஐயோ, பயப்படத் தெரியாதே அவளுக்கு, எனக்காவது பழக்கம் இருக்கிறது, அவளுக்கு அது எப்படியென்றே தெரியாதே! ஆண்டவரே, பெஞ்சில் கிடந்தது நானாகவே இருக்கட்டும் என்றாள் மனசுக்குள். நான்தான், நான்தான் அந்தக் காய்ந்த தலை, அவளுக்கு ரெண்டு தடவையும் ஊற்றினதாகவே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். இவ்வளவு நேரம் எதற்கு நடுங்கினாளோ அதையே மடியேந்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, போங்க, உங்க முறை" என்று செலின் விலாவில் இடித்தாள். தனக்கு முன்னால் இருந்தவர்கள் எப்போது போனார்கள், எப்போது வந்தார்கள் என்று தெக்லாவுக்குத் தெரியவில்லை. கால் எழுந்தது, அவள் அதன் பின்னால் போனாள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் புதுச் சாமியார், மதுரைப் பக்கத்துப் பையன், வந்து மாசம்கூட ஆகவில்லை, ஜலதோஷம் வேறு, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஸ்தோத்திரம் சாமி என்றாள். அதற்குமேல் பாவம் எதுவும் ஞாபகம் வரவில்லை. அத்தை சொன்ன கதையை, உடுப்பை, கயிற்றை, ஈரத் தலையை, முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பயப்படாதீங்கம்மா," என்றார். "இந்த மாதிரி சந்தேகம் வந்தா அதுக்குத் திருச்சபையில வழி இருக்கு. நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்னு நிபந்தனை சொல்லி, இப்பவே தண்ணி ஊத்திரலாம். முன்னாடியே பெற்றிருந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது. சந்தேகம் தீர்ந்திரும்."

தீர்ந்துவிடும்! இவ்வளவுதானா, ஒரு செம்புத் தண்ணீரா? தெக்லாவின் உடம்பு முழுக்க ஆசை எழுந்தது. எழுந்த ஆசையைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.

"எங்கூடப் பொறந்தவளுக்கும் சேத்து ஊத்துவியளா சாமி?"

"அவங்க வந்திருக்காங்களா?"

"கல்லறைத் தோட்டத்துல இருக்கா."

அவர் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். "இறந்தவங்களுக்குக் கொடுக்க முடியாதும்மா. ஜெபிக்கலாம். பூசை வைக்கலாம்."

"அப்ப எனக்கும் வேண்டாம்."

சொன்னது தான்தானா என்று தெக்லாவுக்குச் சந்தேகமாக இருந்தது. வாய் நிற்கவில்லை. "அவ வெளிய நிக்காளா உள்ள இருக்காளான்னு தெரியாம நான் மட்டும் பத்திரம் பண்ணிக்கிட்டு என்ன செய்யப் போறேன்? அவளத் தெரியாதுன்னு சொல்லுத வீட்டுல எனக்கு என்ன சாமி சோலி? பேரு மாறிப்போனதுக்கு, உடுப்பு மாறிப்போனதுக்கு, பச்சப்பிள்ள என்ன செய்யும்? ஆண்டவரு பாத்துட்டுத்தான இருந்தாரு? நாங்க ஏமாந்தோம், சாமியாரு ஏமாந்தாரு, அவருமா?"

ஐயோ, என்ன பேசிவிட்டேன் என்று முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். இடி விழப்போகிறது என்றே நினைத்தாள். சாமியார் திட்டவில்லை.

"இத ஆண்டவர்கிட்ட இப்படியே சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி. பயமா இருக்கு."

"போய்ச் சொல்லுங்க. வேற அபராதம் ஒண்ணும் கிடையாது உங்களுக்கு. தண்ணியப் பத்தி அப்புறம் பேசுவோம்."

பீடத்துக்கு நேராகப் போகத் தைரியமில்லை, தூண் மறைவில் ஓர் ஓரமாக முழங்கால் போட்டாள். போட்டதும் பயம் கழுத்துவரை ஏறிவிட்டது. இதைப் போய் எப்படிச் சொல்வது, எந்த மந்திரத்தில் ஆரம்பிப்பது, முதலில் நமஸ்காரம் சொல்ல வேண்டாமா, உம்மைத்தான் குற்றம் சொல்ல வந்திருக்கிறேன் என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியுமா? கடைசியில் எது வாயில் வந்ததோ அதைச் சொன்னாள். "நான்தான்," என்றாள். சொல்லிவிட்டுத் தன்னை அறியாமல் காத்திருந்தாள். எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த வார்த்தைக்கு ஒரு கேள்வி உண்டு அவளுக்கு. நான்தான் என்றால் போதாது, நான்தான்னா யாருட்டி, தெக்லாவா ரெஜினாவா என்று பெற்ற அம்மாவே உள்ளேயிருந்து கேட்பாள். போனை எடுத்தால் ரெஜினா புருஷன் கேட்பார், தெருவில் வாசலில் நிற்கிறவர்கள் கேட்பார்கள், தெக்லா, ரெஜினா இல்ல, என்று மூச்சு விடாமல் சேர்த்துச் சொல்லிச் சொல்லி அது அவள் வாயில் ஒரே பெயராக ஆகிவிட்டிருந்தது. இப்போதும் அந்தப் பதிலைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். விட்டத்தில் புறா ஒன்று இறகடித்தது. செலின் தொட்டிக்கு முன்னால் குசுகுசுவென்று பேசத் தொடங்கியிருந்தாள். கேள்வி வரவில்லை. வரவில்லை என்பது கொஞ்சம் நேரம் கழித்துத்தான் உறைத்தது. இன்றைக்கு மட்டுமா, பிரம்படி வாங்கின அன்றைக்கும் வரவில்லை, தோழிப்பெண்ணாக நின்ற அன்றைக்கும் வரவில்லை, ரெஜினாவைப் புதைத்துவிட்டு வந்து மண்ணான கையோடு விழுந்த அன்றைக்கும், எந்த நான் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு தடவைகூட அவள் இங்கே பெயர் சொன்னதில்லை. தெக்லாவுக்குப் பயம் போய்விடவில்லை. இருந்தாலும் முக்காட்டை நெற்றியிலிருந்து தள்ளிவிட்டு, முழங்காலை நன்றாக ஊன்றிக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் மறுபடியும். "ரெஜினாவப் பத்திப் பேசணும்."